போர்க்கோலம் பூண்ட நெம்புத்துப்பாக்கி

"மனுசன் குரங்கிலிருந்து பிரிஞ்சது நெருப்பைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு இல்ல மாப்ள. துப்பாக்கிக்குக் கறுப்பு அடிச்ச அன்னிக்குத்தான்" என்று இன்பசேகர் அறிவித்தான்.

மைத்துனன் தங்கதுரை அணையின் நீரையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு முழம் ஏறினால் சுவரைத் தாண்டிவிடும். அடிவாரத்தில் இருநூறு வீடுகள். அதில் ஒன்றில் இன்பசேகரின் மகள் நித்திலா இருந்தாள்.

மதகைத் திறக்க ஒரு சக்கரத்தைச் சுற்றினால் போதும். ஆனால் சக்கரத்தின் இருபுறமும் கம்பத்துக்கு ஒன்றாக இரண்டு காவற்கண்கள், ஆளைப் பார்த்துச் சுடும் இயந்திரங்கள். போர் முடிந்து பதினொரு ஆண்டுகளாகியும் அவற்றுக்குச் சேதி போகவில்லை; நிறுத்தும் கடவுச்சொல் தெரிந்தவர்கள் போரிலேயே போய்விட்டார்கள். வெறுங்கையோடு நடப்பவனை விட்டுவிடும். ஆயுதத்தோடு வருபவனையும் சக்கரத்தைத் தொடுபவனையும் சுடும். மின்சுற்று உள்ள எதுவும் அருகே போனால் கருகிவிடும். இப்படிப்பட்ட கண்கள் எங்கும் மிஞ்சிக் கிடந்ததால்தான் உலகம் நெம்புத்துப்பாக்கிக்குத் திரும்பியிருந்தது: மரக்கட்டை, இரும்புக்குழல், இழுத்து மடக்கினால் தோட்டா ஏற்றும் பித்தளை வளையம். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவு இன்பசேகருக்குப் போதவில்லை. மரத்தைக் கழற்றிக் கறுப்பு நெகிழிக்கட்டை மாட்டினான். குழலின் மேல் கருவிகளை மாட்டும் பல்தண்டு, அதன் மேல் தொலைநோக்கி, லேசர், டார்ச். லேசரிலும் டார்ச்சிலும் பேட்டரி கிடையாது. இருந்தால் கருகிவிடுமே.

தங்கதுரையின் துப்பாக்கி, நேற்றைய ஆயுதபூசை அலங்காரம் கலையாமல், சந்தனப் பட்டையும் குங்குமமும் செவ்வந்தி மாலையுமாக இருந்தது.

"என்ன மாப்ள, பொண்ணு பாக்கப் போறியா?"

"சாமிக்கு வெச்சதுங்க மச்சான். உங்களுதுக்கும் மாலை, சந்தனம், குங்குமம் எல்லாம் கட்டியிருக்கேன்." இலைப்பொட்டலத்தை நீட்டினான்.

"கருமம், அந்த மொதத் தூண்கிட்ட வை."

ஆளுக்கு ஒரே தோட்டா. அணைச்சுவரின் மேல் வரிசையாக நிற்கும் தூண்களின் மறைவில் ஊர்ந்து போய் ஆளுக்கொரு கண்ணை உடைப்பதென்று திட்டம். இன்பசேகர் முதலில் போனான். நாலாவது அடியில் இரண்டு கண்களும் திரும்பின.

"ஆயுதம். வகை: தாக்குதல்."

தொலைநோக்கி அவன் முகத்தருகே சிதறியது. கன்னத்தில் ரத்தம் வழிய, உருண்டு வந்து முதல் தூணுக்குப் பின்னால் விழுந்தான். "வராத மாப்ள!" என்று கத்தினான்.

தங்கதுரை அதற்குள் சுவரில் ஏறிவிட்டான். தோளில் துப்பாக்கியின் மாலை ஆட, நிமிர்ந்தே நடந்தான். இடது கண் அவனை மேலும் கீழும் பார்த்தது. அதன் பட்டியலில் நாலாயிரம் ஆயுதங்கள், அத்தனையும் கறுப்பு. கூடவே, கோவில் ஊர்வலத்தைச் சுட்டுவிடக் கூடாதென்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்த விதி.

"பூசைப் பொருள். கடந்து செல்க."

பத்தடி தூரத்தில் தங்கதுரை வளையத்தை மடக்கிச் சுட்டான். இடது கண் உடைந்து தொங்கியது. வலது கண் அவன் பக்கம் திரும்பியது.

"வேட்டுச் சத்தம். திருவிழா. கடந்து செல்க."

"மச்சான்! எங்கிட்டத் தோட்டா இல்லீங்க! இன்னொரு கண்ணு உங்களுது!" நீர் சுவரின் விளிம்பை நக்கத் தொடங்கியிருந்தது.

இன்பசேகர் திருகாணிகளைக் கழற்றினான். டார்ச் போயிற்று. லேசர் போயிற்று. பல்தண்டின் கடைசி ஆணி வர மறுத்தது. கல்லால் தட்டிப் பிடுங்கினான். நெகிழிக்கட்டையைக் கழற்ற நேரமில்லை. பொட்டலத்தைப் பிரித்து, இருந்த சந்தனம் முழுவதையும் கறுப்பு தெரியாமல் அதில் அப்பினான். குங்குமம் வைத்தான். மாலையைப் போட்டான். எழுந்து நடந்தான்.

கண் நெடுநேரம் பார்த்தது.

"பூசைப் பொருள்."

அவன் சுட்டான். தங்கதுரை சக்கரத்தில் பாய்ந்து தொங்கினான். மதகு முனகியது, பிறகு திறந்தது; நீர் இடியாகக் கீழே ஆற்றில் இறங்கியது.

"மச்சான்," தங்கதுரை மூச்சு வாங்கியபடி கேட்டான், "அந்தக் கறுப்புச் சாமானெல்லாம் தூண்கிட்டயே கெடக்குதுங்களே, எடுத்தாரட்டுமா?"

இன்பசேகர் காதில் விழாதவன் போலத் திரும்பிக்கொண்டான். துப்பாக்கியின் மாலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அதை நேராக்கிக்கொண்டிருந்தான்.