மிஞ்சிய பன்னிரண்டு நிமிடம்

ஆறு மணி நேரம், பன்னிரண்டு நிமிடம். திரான்சிதோ அம்மாளின் சாவு அவ்வளவு நீளம்.

ஒரு டிஸ்கில் இரண்டு மணி நேரம் அடங்கும். அதற்கு மேல் திணித்தால் முகங்கள் கலங்கிவிடும். நியூயார்க்கில் இருப்பவர்கள் இருமலையும் நாய் குரைப்பதையும் பொறுத்துக்கொள்வார்கள். கலங்கிய முகத்தை மட்டும் பொறுக்க மாட்டார்கள். ஆகவே மூன்று டிஸ்க். மிஞ்சுவது பன்னிரண்டு நிமிடம்.

நார்சிசா கண்களைக் கசக்கிக்கொண்டாள். இந்த மாதத்தில் இது நான்காவது சாவு. இடையில் ஒரு கல்யாணமும் ஒரு ஞானஸ்நானமும். மதியம் இரண்டு மணிக்கே மூடுபனி மலையிலிருந்து இறங்கித் தெருவை மூடியிருந்தது. கடையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டரின் மின்விசிறி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

கன்யார் மாகாணத்தின் இந்த மலை ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது அமெரிக்காவில் இருந்தார்கள். எல்லையைத் திருட்டுத்தனமாகக் கடந்து போனவர்கள். அம்மா செத்தாலும் வர முடியாது. வந்தால் திரும்பிப் போக முடியாது. அதனால் சாவு அவர்களைத் தேடிப் போகும். வெள்ளிக்கிழமை கூரியர் பெட்டியில், வறுத்த கூய் என்ற கினிப்பன்றி இறைச்சிக்கும் பாலாடைக்கட்டிக்கும் நடுவில், துணியில் சுற்றிய டிஸ்க்காக.

இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. எதையும் வெட்டக் கூடாது. சவப்பெட்டியின் பக்கத்தில் ஒவ்வொருவராக வந்து நின்று, தொப்பியைக் கழற்றி, கேமராவைப் பார்த்து, வராதவனிடம் இரண்டு வார்த்தை பேசுவார்கள். "தம்பி அபெலார்தோ, உங்க அம்மாவ நல்லபடியா அனுப்பி வெச்சுட்டோம், கவலப்படாத." இப்படி எழுபது பேர். ஒருவரை விட்டாலும் சண்டை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெரியவரின் தும்மலை வெட்டினாள். அவர் இன்றுவரை அவளைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறார்.

திரான்சிதோ அம்மாள் அதைத் தனியாக வேறு சொல்லியிருந்தாள். போன மாதம், மூச்சு வாங்க வாங்க இந்தப் படியேறி வந்து, இதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் செத்தா முழுசா எடு. ஒரு நிமிஷம்கூட வெட்டாத. என் மகன் பாக்கணும்."

"இப்ப எதுக்கும்மா இந்தப் பேச்சு?"

"உனக்கு இருக்கிற கிராக்கிக்கு, எனக்கு இடம் கிடைக்காமப் போயிட்டா? அதான் முன்னாடியே சொல்லி வெக்கிறேன்."

நார்சிசா சிரித்தாள். கிழவியும் சிரித்தாள். பிறகு கிழவி சிரிப்பை நிறுத்திவிட்டு, "வாக்குக் கொடு" என்றாள். நார்சிசா கொடுத்தாள்.

அந்தக் கடைசிப் பன்னிரண்டு நிமிடம் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். புதைத்த ஐந்தாம் நாள், செத்தவளின் துணிகளை ஆற்றில் துவைத்தார்கள். கம்பளிப் பாவாடை, ரவிக்கைகள், கறுப்புச் சால்வை, வெள்ளைத் தொப்பி. துவைத்துப் பாறைகளில் விரித்ததும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வீடியோக்காரி சாப்பிடாமல் போனால் அது செத்தவளுக்கு அவமானம். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, வேகவைத்த மக்காச்சோளத் தட்டோடு புல்லில் உட்கார்ந்தாள். கேமராவை அணைக்க மறந்துவிட்டாள். பன்னிரண்டு நிமிடம், ஆள் இல்லாத ஆறு. பாறை, துணி, பனி.

அதில் யாரும் பேசவில்லை. அதை வெட்டினால் யாருக்கும் தெரியாது.

வாக்கு நினைவுக்கு வந்தது. முதுகு வலியும் கூடவே வந்தது. வெட்டினாள். சேமித்தாள். இப்போது சரியாக ஆறு மணி நேரம். மூன்றாகப் பிரிக்கக் கொடுத்தாள்.

நான்கு துண்டுகள் வந்தன. நான்காவது, பன்னிரண்டு நிமிடம்.

சேமிக்காமல் விட்டிருப்போம் என்று நினைத்தாள். மறுபடி வெட்டினாள். பிரித்தாள்.

நான்கு துண்டுகள்.

சரி, போகட்டும். நான்காவதாக ஒரு டிஸ்க் போட்டுவிடலாம்; வாக்கும் தப்பாது. புது டிஸ்கை உள்ளே தள்ளினாள். பன்னிரண்டு நிமிடத்தைப் பதிய அதிக நேரம் ஆகாது. ஆனால் அது சுற்றிக்கொண்டே இருந்தது. டீ ஆறிப்போயிற்று. கடைசியில் திரையில் எழுத்து வந்தது: டிஸ்க் நிரம்பிவிட்டது. இன்னும் பன்னிரண்டு நிமிடம் மிஞ்சியிருக்கிறது.

நார்சிசா அதை இரண்டு முறை படித்தாள்.

நான்காவது டிஸ்கை ஓட்டிப் பார்த்தாள். ஆறு. பாறைகள். துணிகள். பனி மெல்ல நகர்ந்தது. ஓட்டி ஓட்டி ஒரு மணி நேரத்துக்குப் போனாள். ஆறு. ஒன்றரை மணி நேரம். ஆறு.

அன்று கேமராவில் பாட்டரி அரை மணிக்குக்கூட மிச்சமில்லை. அவளுக்கு அது நிச்சயமாகத் தெரியும். சாப்பிட்டுவிட்டு வந்து, அவளே கையை நீட்டி அணைத்தாள். அந்தக் கை திரையில் வர வேண்டும்.

காத்திருந்தாள்.

கை வரவில்லை.

கதவு திறந்தது. பனியோடு சேர்ந்து ஈனெஸ் உள்ளே வந்தாள். திரான்சிதோ அம்மாளின் மகள். நார்சிசாவின் பெண்ணுக்கு ஞானத்தாய். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கையில் கயிறு கட்டிய அட்டைப் பெட்டி. தொப்பியிலும் துக்கத்துக்குக் கட்டிய கறுப்புத் துணியிலும் பனித்துளிகள் நின்றன.

"என்ன கொமாத்ரே, கடையிலயே துணி துவைக்கிறியா? சோப்பு வாசன தூக்குது."

நார்சிசா மூக்கை உறிஞ்சினாள். அதுவரை கவனிக்கவில்லை. நீலச் சோப்பு. ஈரக் கம்பளி.

"நான் துவைக்கல" என்றாள்.

தெருவில் கூரியர் வண்டியின் ஹாரன் கேட்டது. கூரியர்காரன் ரிகோபெர்தோ வண்டி ஜன்னல் வழியே கத்தினான். "நாலு மணிக்கு டேப் ஒட்டிடுவேன்! அப்புறம் எங்க மாமியாரே வந்து கேட்டாலும் பெட்டியத் தொறக்க மாட்டேன்!"

"உங்க மாமியாருக்கு எப்பவுமே தொறக்க மாட்டீங்களே!" என்று ஈனெஸ் திருப்பிக் கத்தினாள். பிறகு மெதுவாக, "குடு, கொமாத்ரே. வெச்சுக் கட்டிடறேன்" என்றாள்.

"முடியல. கடைசித் துண்டு அடங்க மாட்டேங்குது."

"அப்ப விட்டுடு. மூணு போதும். யாரு பாக்கப் போறா?"

"யாரா? உன் தம்பி."

ஈனெஸ் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள். முடிச்சு ஏற்கெனவே நன்றாகத்தான் இருந்தது.

"அதிருக்கட்டும்" என்றாள் நார்சிசா. "எழுபது பேரு பேசியிருக்காங்க. கூடப் பொறந்தவ நீ மட்டும் அவனுக்கு ஒரு வார்த்த சொல்லல. அங்க அவன் என்ன நெனப்பான்?"

"எனக்குக் கேமரான்னா கூச்சம்."

"உனக்கா? என் கல்யாண வீடியோல உன் ஆட்டத்த நிறுத்தத்தான் பாதிரியாரக் கூப்பிட வேண்டியதாப் போச்சு."

ஈனெஸ் சிரிக்கவில்லை.

அப்போதுதான் ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் வந்தது.

தப்.

ஈரத்துணி பாறையில் விழும் சத்தம். நார்சிசா திரும்பினாள். நான்காவது டிஸ்க் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் யாரும் இல்லை.

தப். தப்.

"நிறுத்து அத" என்றாள் ஈனெஸ்.

நார்சிசா நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். படம் ஓடியது. மறுபடி அழுத்தினாள். டிஸ்கை வெளியே எடுத்தாள். அது கையில் குளிர்ந்தது. விளிம்பில் தண்ணீர் திரண்டிருந்தது.

டிஸ்க் அவள் கையில் இருந்தது. படம் ஓடிக்கொண்டிருந்தது.

பனி சற்று விலகியது. தண்ணீர் ஓரத்தில் ஒருத்தி குனிந்திருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. கம்பளிப் பாவாடை, கறுப்புச் சால்வை, வெள்ளைத் தொப்பி. பாறைகளில் விரித்திருந்த துணிகள் அங்கே இல்லை. அவற்றை அவள் உடுத்தியிருந்தாள்.

அவள் எதையோ துவைத்துக்கொண்டிருந்தாள். பிழிந்தாள். உதறினாள். பாறையில் விரித்தாள்.

ஆண்களுடைய சட்டை. நீலக் கட்டம்.

ஐந்தாம் நாளில் செத்தவரின் துணியைத் தவிர வேறு எதையும் துவைக்க மாட்டார்கள். உயிரோடு இருப்பவரின் கைக்குட்டை தவறி விழுந்தால்கூடப் பதறிப்போய் எடுத்துவிடுவார்கள். அன்று மூட்டையை அவிழ்த்துக் காட்டியபோது நார்சிசாதான் படம் பிடித்தாள். அதில் இந்தச் சட்டை இல்லை.

"யாரு துணி இது?" என்று கேட்டாள். தனக்கே கேட்காத குரலில்.

ஈனெஸ் திரைக்கு அருகில் போயிருந்தாள். அவள் விரல் சட்டையின் மேல் பொத்தானைத் தொட்டது. மற்றவை வெள்ளை. அது மட்டும் பழுப்பு.

"நான் தெச்சது" என்றாள். "அவன் கெளம்பின அன்னிக்கு. வெள்ளப் பொத்தான் கெடைக்கல."

தப்.

இப்போது சத்தம் ஸ்பீக்கரில் இல்லை. மேசைக்கு அடியிலிருந்து வந்தது. நார்சிசா குனிந்து பார்க்கவில்லை. செருப்புக்குள் தண்ணீர் ஏறுவதை மட்டும் உணர்ந்தாள். ஆற்றுத் தண்ணீரின் குளிர்.

திரையில் அந்த உருவம் நிமிர்ந்தது. சட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தது. திரும்பவில்லை. குரல் மட்டும் வந்தது. மூச்சு வாங்கும் குரல், படியேறி வந்தவளின் குரல்.

"ஈனெஸ். யாரு துணி இது?"

ஈனெஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தண்ணில வந்துச்சு. எனக்குச் சொல்லு. யாரு துணி?"

"கொமாத்ரே" என்று நார்சிசா அவள் தோளைப் பற்றினாள். "என்ன இது? என்ன கேக்கறாங்க?"

"மாசாமாசம் போன்ல பேசினானே..." என்றது குரல். "லைன் சரியில்லன்னியே."

உருவம் நின்றது. சட்டையிலிருந்து சொட்டிய நீர் பாறையில் விழுந்தது. திரையின் மூலையில் பன்னிரண்டு நிமிடம் மிச்சம் என்று இருந்தது. அது குறையவில்லை. எத்தனை டிஸ்க் போட்டாலும் குறையாது என்று நார்சிசாவுக்குப் புரிந்தது. கிழவி பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள். நிற்பாள்.

வெளியே ஹாரன் மறுபடி அடித்தது. பனிக்குள் மிகத் தொலைவிலிருந்து வருவதுபோல் கேட்டது.

ஈனெஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெட்டியைக் கையிலிருந்து இறக்கி, ஈரத் தரையில் வைத்தாள். அதன் அடி நனைவதை அவள் பொருட்படுத்தவில்லை.

"கேமராவ எடு" என்றாள்.

"இப்பவா?"

"எழுபது பேரு பேசினாங்கன்னு சொன்னியே. நான் பேசணும்."

நார்சிசா கேமராவை எடுத்தாள். அவள் கைகளுக்கு வேலை தெரியும். மூடியைக் கழற்றின. வெளிச்சத்தைச் சரிசெய்தன. ஈனெஸ் சுவரோரம் போய் நின்றாள், எல்லோரும் நிற்பது போலவே. தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டாள்.

நார்சிசா கேமராவின் சிறு திரையைப் பார்த்தாள்.

ஈனெஸின் பின்னால் சுவர் இல்லை. பாறைகள் இருந்தன. பனி இருந்தது. கையெட்டும் தூரத்தில், அவளுக்கு முதுகைக் காட்டி, வெள்ளைத் தொப்பி.

அது மெல்லத் திரும்பத் தொடங்கியது.

"பின்னாடி பாக்காத" என்று நார்சிசா கிசுகிசுத்தாள்.

"தெரியும்" என்றாள் ஈனெஸ். "கழுத்துல சொட்டுது."

எல்லோரும் தம்பி அபெலார்தோ என்றுதான் தொடங்கியிருந்தார்கள். ஈனெஸ் நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

"அம்மா" என்றாள். "போன்ல பேசினது சித்தப்பா மகன். நான்தான் பேசச் சொன்னேன். உங்க மூச்சு நிக்கிற வரைக்கும் எனக்கு வாய் வரல. அந்தச் சட்ட தம்பியோடதும்மா. பாலைவனத்தத் தாண்டல. அபெலார்தோ செத்துட்டான். மூணு வருஷம் ஆச்சு."