விளிம்பில் வெட்டிய பெயர்

எட்டு மணிக்குள் கேமராக்காரர்கள் வந்துவிடுவார்கள். மாட்டுங்கா வீட்டின் கூடத்தில் பெட்டியோடு நின்றிருந்தாள் மானசா. இன்று அவளுக்குப் பதினெட்டு.

"நான் செம்பூர் போறேம்மா. இனிமே அப்பாகூடத்தான்."

அம்மா ஷ்யாமளா, சீரியலில் பேர் வாங்கி, விவாகரத்துக்குப் பின் மசாலாப் பொடிக் கம்பெனி தொடங்கி, டிவியில் சமையல் நிகழ்ச்சியும் நடத்துகிறவள். ஊரே பார்க்கையில் தடுமாறாதவள், ஒரு விஷயத்தை மட்டும் மகளிடம் சொல்லாமல் மறைத்துவந்தாள்.

மானசாவின் அப்பா கேஷவுக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது. 'அவளை இங்கே அனுப்பாதே' என்று மூன்று வருஷம் முன்பே சொல்லிவிட்டான். மகளின் போனை அவன் எடுக்காததற்கெல்லாம் ஷ்யாமளாவே காரணம் கற்பித்து வந்தாள். இப்போது அந்த வாசலில் போய் மகள் மணியடித்தால்...?

"இன்னிக்கு வேண்டாண்டி... ஷூட்டிங் முடியட்டும்..."

"பஸ் கரோ அம்மா, போதும்! எப்பவும் ஷூட்டிங்! அதனாலதானே அப்பா போனார்? ஆனாலும் பர்த்டேக்கு மறக்காம பாயசம் அனுப்பறார். இதோ, இன்னிக்கும் வாட்ச்மேன் கொண்டுவந்து கொடுத்தான். நீ என்ன பண்ணினே?"

மேசைமேல் எவர்சில்வர் தூக்கு. ஷ்யாமளா அதைச் சற்றுத் தள்ளி நகர்த்தினாள்.

மேக்கப் போட தாராவியிலிருந்து வரும் மாரீஸ்வரி, மேசையை ஒழிக்க வந்தவள், தூக்கை எடுத்துப் பார்த்தாள்.

"இங்கனயா இருக்கு! நிகழ்ச்சில காட்ட எடுத்து வச்ச பாத்திரத்துல ஒண்ணு கொறையுதுன்னு தேடிட்டுல்லா இருந்தேன்!"

"அது எங்கப்பா அனுப்பினது," என்றாள் மானசா.

"உங்கப்பாவா? ஏ பிள்ள, விளிம்புல 'ஷ்யாமளா'ன்னு வெட்டியிருக்கு பாரு! உங்கம்மா கல்யாணச் சீருல்லா இது!"

"மாரி, சும்மா இரு!" என்றாள் ஷ்யாமளா.

மானசாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் மூன்று வருஷமும் அதே தூக்கில் பாயசம் வைத்து, வாட்ச்மேன் கையில் கொடுத்தனுப்பி வந்தாள் ஷ்யாமளா. புள்ளி புள்ளியான அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றாள் மானசா.

"நீயாம்மா...?"

ஷ்யாமளா ஒரு கிண்ணத்தை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள்.

"அப்பாவுக்கு... என் பர்த்டே ஞாபகமாவது இருக்கா?"

"பாயசம் ஆறிடும். சாப்பிடு."

பெட்டி சாய்ந்து விழுந்தது. மானசா அம்மாவின் தோளில் முகம் புதைத்து விம்மினாள்.

"போட்ட மேக்கப்பு பூரா போச்சே மேடம்!" என்ற மாரீஸ்வரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசல் மணி அடித்தது.

"பத்து நிமிஷம் நிக்கச் சொல்லு," என்றாள் ஷ்யாமளா.

"அம்மா, இதுல உன் பேர் எங்கே ஆரம்பிக்கறது?"

மகளின் விரலைப் பிடித்து, முதல் எழுத்தின்மேல் வைத்தாள் அவள்.