நீலக்கோட்டுத் துண்டுகள்

போர்வையை மடிக்கும்போதுதான் தையல்காரி அதைப் பார்த்தாள். கால்மாட்டு ஓரத்தில், நீலக்கோடு போட்ட துண்டுகள் இரண்டு ஒட்டி உட்கார்ந்திருந்தன.

துண்டுத்துணியில் போர்வை தைப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. ஒரே துணியில் வெட்டிய இரண்டு துண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் வரக்கூடாது. வந்தால் பார்க்கிறவர் கண் அங்கேயே போய் நிற்கும், மற்றதெல்லாம் சோபை இழந்துவிடும். ஆல்டரேஷன் கடையில் பதினோரு வருஷமாக அடுத்தவர் பேன்ட்டின் நீளத்தையும் கவுனின் அகலத்தையும் குறைத்து, வெட்டியதையெல்லாம் பைபையாக வீட்டுக்குக் கொண்டுவந்து போர்வையாக்குகிறவள், அந்தத் தப்பைத் தூக்கத்தில்கூடச் செய்ய மாட்டாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். இரண்டும் அங்கேயேதான் இருந்தன.

அன்றைக்கு ஊசியும் ஒன்று குறைந்தது. பஞ்சுப் பொதியில் எப்போதும் பன்னிரண்டு ஊசி குத்தியிருக்கும். தினமும் எண்ணிவிட்டுத்தான் மறுவேலை. பிள்ளை புரண்டு படுக்கிற வீட்டில் ஊசி காணாமல் போனால் சோறு தொண்டையில் இறங்குமா? பதினொன்றுதான் இருந்தது. காந்தத்தை எடுத்துப் போர்வை முழுக்க அங்குலம் அங்குலமாகத் தடவினாள். ஒன்றும் ஒட்டவில்லை.

நீலக்கோடு அவள் புருஷனின் சட்டை. பெயின்டர்; சாரமும் அவரே கட்டுவார். எட்டு மாதத்துக்கு முன்னால், வேலைக்குப் போன இடத்தில் சாரம் சரிந்து நாலாவது மாடியிலிருந்து விழுந்தார். குடித்துவிட்டு வந்தாலும் கை நீட்ட மாட்டார் என்று தெருவில் நல்ல பெயர். கை நீட்ட மாட்டார்தான். அவளையும் மகளையும் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் வாசலுக்கு வெளியே விட்டுத் தாழ்ப்பாள் போடுவார், அவ்வளவுதான். அதுவும் குளிர்காலத்தில், விடியும்வரை. ஒரு துணியாவது கொடுங்கள் என்று கதவைத் தட்டினால் உள்ளே விளக்கு அணையும்.

அவர் போன பிறகு அக்கா சொன்னாள், "அந்தச் சட்டைய யாருக்காவது குடுத்துத் தொலைச்சிடு."

"ஏன் குடுக்கணும்? இருந்தப்ப எங்கள குளிர்ல நிறுத்தினாரு. இப்பவாவது குளிருக்கு உதவட்டுமே."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். தையல்காரி பயப்படவில்லை. காலர், பாக்கெட், மணிக்கட்டைச் சுற்றி வரும் கஃப் வரை ஒன்றையும் வீணாக்காமல் வெட்டினாள். இருபத்தாறு துண்டுகள். ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காதபடி போர்வை முழுக்கச் சிதறடித்துத் தைத்த அன்று, கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் நீலக்கோட்டுத் துண்டுகள் ஒன்பது சேர்ந்திருந்தன.

ஜன்னலோரம் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். அவளுடைய தையல் எறும்பு ஊர்வதுபோல் சின்னச் சின்னதாகப் போகும். இது இழுத்து இழுத்துப் போட்டிருந்தது, துணி சுருங்கி நின்றது. ஒவ்வொரு தையலின் முடிவிலும் குறுக்கே இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிய முடிச்சு. மூங்கிலோடு மூங்கிலைச் சேர்த்துச் சாரம் கட்டுகிறவன் போடுகிற முடிச்சு. இரண்டு தடவை துவைத்துச் சோப்பு மணந்த போர்வையிலிருந்து, பெயின்டில் கலக்கும் டர்பன்டைன் வாசனை, ஈரச் சுவரின் வாசனை, அதற்கு அடியில் புளித்த மூச்சின் வாசனை, மெல்ல மேலே ஏறி அவள் மூக்கில் அறைந்தது.

தையலைப் பிரித்தாள். ஒன்பதையும் ஒன்பது திக்கில் கொண்டுபோய்த் தைத்தாள். எரித்துவிடலாம்தான். எரித்தால், பயந்து எரித்ததாக ஆகிவிடும். பயந்தது போதும் என்று இருந்தது அவளுக்கு.

"செத்துட்டே. கெடந்து தொலை," என்றாள் துணியைப் பார்த்து. உயிரோடு இருந்தவரை 'நீங்க' தவிர வேறு சொல் அவள் வாயில் வந்ததில்லை.

போர்வையை டிரங்குப் பெட்டியில் போட்டுக் கொக்கியை மாட்டினாள்.

மூன்றாம் நாள் காலையிலிருந்து மழை. மகளுக்குக் காய்ச்சல். அக்காவைத் துணைக்கு வைத்துவிட்டுக் கடைக்குப் போனவள், மூன்று மணிக்கே திரும்பிவிட்டாள். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இப்பதான் கண்ணசந்தா. குளிருது குளிருதுன்னா. பெட்டியில இருந்த போர்வைய எடுத்துப் போத்திவிட்டேன். மழை வலுக்கறதுக்குள்ள நான் கெளம்பறேன்டி."

தையல்காரி செருப்பைக் கழற்றாமலேயே உள்ளே திரும்பினாள். அக்கா குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

உள் அறையில் மழை வெளிச்சம் சாம்பல் நிறத்தில் இருந்தது. கூரைத் தகரத்தில் மழை இரைந்துகொண்டிருந்தது. தையல் மெஷினின் பெல்ட் தானாக ஒரு தரம் முனகி நின்றது. டர்பன்டைன் வாசனை, புதிதாகப் பெயின்ட் அடித்த வீட்டில் நிற்பதுபோல், கண்ணைக் கரித்தது. மகள் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். போர்வையின் நடுவில் சட்டை இருந்தது.

முழுச் சட்டை. இருபத்தாறு துண்டும். காலர் மகளின் தாடைக்குக் கீழே. பாக்கெட் அதன் இடத்தில். இரண்டு கையும் மகளைச் சுற்றி மடிந்து, முதுகுக்கு அடியில் போயிருந்தன.

போர்வையைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

"அம்மா," மகள் கண்ணைத் திறக்காமல் சொன்னாள். "அப்பா வெளிய போகச் சொல்றாரு."

இதுவரை எத்தனை தடவை இந்தச் சொல்லுக்கு எழுந்து போயிருக்கிறாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்கா பின்னாலேயே ஓடிவிடச் சொல்லிக் கால் கெஞ்சியது. வாசல் பத்தடிதான்.

"இந்தத் தடவ நாம போகலடா," என்றாள்.

மகளின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்து உருவினாள். சட்டையின் கை விடவில்லை. இழுத்தாள். இன்னும் இழுத்தாள். துணி கிழியும் சத்தம் கேட்டது. பிள்ளை கையோடு வந்தாள். மணிக்கட்டில் நாலு விரல் சிவப்பாகப் பதிந்திருந்தது. தூக்கி மெஷின் மேசைமேல் உட்காரவைத்தாள்.

"கண்ண மூடிக்கோ. நூறு வரைக்கும் எண்ணு. நான் சொல்றவரைக்கும் தெறக்காத."

"ஒண்ணு... ரெண்டு..."

கத்தரியைத் தொடவில்லை. வெட்டினால் மறுபடி சேர்வான். தைத்துவிட வேண்டும். வாயைத் தைத்த மூட்டைக்குள்ளிருந்து எது வெளியே வரும்?

ஊசியில் இரட்டை நூல் கோத்தாள். முழங்காலால் போர்வையை அழுத்திக்கொண்டு காலரைத் தைத்தாள். எறும்புத் தையல். நெருக்கமாக. பிறகு இடது கஃப். உள்ளே ஏதோ புரண்டது. தைத்து முடித்தாள்.

"நாப்பத்தி மூணு... நாப்பத்தி நாலு..."

வலது கஃப். துணி மேடிட்டது. உள்ளேயிருந்து விரல்கள் முட்டின. ஒன்று. இரண்டு. நாலு. அவள் குத்தினாள். இழுத்தாள். குத்தினாள். நூல் தீர்ந்தது.

தலையிலிருந்து நீளமாக ஒரு முடியைப் பிடுங்கி ஊசியில் கோத்தாள்.

"அறுபத்தி ரெண்டு..."

அப்போது அவள் இடது கை நகர மறுத்தது. குனிந்து பார்த்தாள். அவள் ரவிக்கைக் கையின் ஓரம் போர்வையோடு சேர்ந்திருந்தது. இழுத்து இழுத்துப் போட்ட தையல். முடிவில் இரண்டு சுற்று முடிச்சு. அடுத்த தையலுக்காக, துணிக்கு அடியிலிருந்து, ஈரமாக, மெதுவாக, ஊசி மேலே வந்தது.

பன்னிரண்டாவது ஊசி.

அவள் அதைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக் கை இல்லை.

"தையி," என்றாள். "உன் வேகம் எனக்குத் தெரியும்."

தன் ஊசியைக் குத்தினாள். அடியிலிருந்த ஊசி அவள் முழங்கைக்கு ஏறியது.

"அறுபத்தி மூணு..." என்று எண்ணிக்கொண்டிருந்தாள் மகள்.