அதற்குப் பின் சேர்ந்தவை

கம்ப்யூட்டர் மறுபடியும் தானாக அணைந்தது. ஆனால் இந்த முறை சத்தம் மட்டும் நிற்கவில்லை. திரை இருண்ட பிறகும் அந்தப் பெட்டிக்குள் ஏதோ ஒன்று மூச்சை இழுத்து, அடக்கி, மெல்ல விட்டுக்கொண்டிருந்தது. வெளியே மழை. பக்கத்து அறைத் தொட்டிலில் வாண்டு தூங்கிக்கொண்டிருந்தான், மூக்கடைப்பின் சின்ன விசிலோடு. இரண்டு மூச்சுகளையும் கேட்டபடி அவள் தம்பிக்குப் போன் செய்தாள்.

"என்னக்கா, கிழவன் மறுபடியும் படுத்துட்டானா?"

கிழவன் என்பது அந்தப் பெட்டிக்கு அவள் கணவன் வைத்த பெயர். மழையில் பைக் சறுக்கி அவன் போன பிறகு, அவன் குரலும் சிரிப்பும் மிஞ்சியிருந்தது அதற்குள்தான். வாண்டு வயிற்றில் இருக்கிறான் என்பது அப்போது அவளுக்கே தெரியாது.

"நீ சொன்னதெல்லாம் செஞ்சுட்டேன்டா."

செய்திருந்தாள். கம்ப்யூட்டர் திடீரென்று விழுந்தால் முதலில் சூட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். அதனால் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, விசிறியில் அப்பியிருந்த தூசியை பிரஷால் தட்டியிருந்தாள். ரேமைப் பிடுங்கி, அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, 'க்ளிக்' என்று உட்காரும்வரை அழுத்தியிருந்தாள். வேறு பிளக்கிலும் மாட்டிப் பார்த்தாயிற்று.

"அப்ப மாமா ஹார்ட் டிஸ்க்ல எடுத்து வெச்ச பேக்கப்தான் ஒரே வழி. அதை மாட்டி ரீஸ்டோர் கொடு. ஆனா ஒண்ணு, அது போட்டோ மாதிரி இல்லக்கா, அச்சு மாதிரி. அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே வார்த்துடும். அதுக்கப்புறம் சேர்ந்ததெல்லாம் போயிடும். வேணுங்கறதை முதல்ல தனியா எடுத்து வெச்சுக்கோ."

"அதுக்கப்புறம் எனக்கு என்னடா சேர்ந்துச்சு? ஒண்ணுமே இல்ல. போகட்டும்."

"சரி. நடுவுல மட்டும் ஆஃப் பண்ணிடாதே. பழசும் கிடைக்காது, புதுசும் கிடைக்காது."

ஹார்ட் டிஸ்கை மாட்டி ரீஸ்டோர் கொடுத்தாள். திரையில் பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. பாதியை நெருங்கும்போது, ஜன்னல் வழியாக வந்த மண் வாசனைக்குள்ளிருந்து வேறொரு வாசனை பிரிந்து வந்தது. கணவன் முகச்சவரம் செய்துவிட்டுப் பூசிக்கொள்ளும் லோஷன், அந்தப் பாட்டிலை அவளே தன் கையால் குப்பையில் போட்டிருந்தாள். கண் மூடி அதை முகர்ந்தாள். இன்னும் கொஞ்சம், என்று நினைத்தாள்.

கண்ணைத் திறந்தபோது மேசைக் கால் வழவழவென்று இருந்தது. வாண்டு கடித்த பல் தடங்கள் அதில் இல்லை.

குனிந்து விரலால் தடவினாள். இல்லை. மேசைமேல் வைத்த பால் பாட்டிலும் இல்லை. போனைத் திறந்தாள். வாண்டுவின் படங்கள் இருந்த இடமெல்லாம் சாம்பல் கட்டங்கள். ஒவ்வொன்றாக, பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

விசில் கேட்டது. இன்னும் கேட்டது. ஆனால் மூன்று சுவர்கள் தாண்டிக் கேட்பதுபோல.

கை சுவிட்சுக்குப் போனது.

வாசலில் ஒரு பைக் வந்து ஓய்ந்தது. ஸ்டாண்ட் போடும் சத்தம். பிறகு, கதவுக்கு வெளியே, அந்தக் குரல்.

"கதவைத் திறடி. தொப்பலா நனைஞ்சுட்டேன்."

அவள் விரல் சுவிட்சின்மேல் இருந்தது. அழுத்தினால் போதும். அழுத்தினால் அந்தக் குரலும் போய்விடும். இன்னொரு தரம் கேட்டுவிட்டு. ஒரே ஒரு தரம்.

"ஏய், தூங்கிட்டியா?"

பச்சைக் கோடு முடிந்தது.

விசில் நின்றது.

ஓடினாள். பக்கத்து அறையில் இஸ்திரி மேசை. அதன்மேல் மடித்த சட்டைகள். கணவனின் சட்டைகள். தொட்டில் நின்ற இடத்தில் தூசி, பல நாள் யாரும் மிதிக்காத தூசி.

பின்னால் கதவு திறந்தது. ஹெல்மெட்டிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டியது. ஈரமான, வெதுவெதுப்பான கை அவள் தோளைத் திருப்பியது. அதே முகம். ஒரு கீறல்கூட இல்லாத முகம்.

"ஏன்டி அழற? கிழவன் படுத்துட்டானா?"

சொல்ல வாயைத் திறந்தாள். தொட்டிலில் கிடந்தவனை எப்படிக் கூப்பிடுவாள்? நாக்கு நுனிவரை ஏதோ வந்தது. நின்றது. யாரை?

"ஒண்ணுமில்ல," என்றாள். "தெரியல."

அவன் சிரித்துக்கொண்டே அவளை அணைக்க வந்தான், வந்தவன் கண்ணைத் தாழ்த்தினான், சிரிப்பு உறைந்தது.

அவளும் குனிந்து பார்த்தாள். நைட்டியின் மார்பில் இரண்டு ஈர வட்டங்கள். பால் வாசனை. வட்டங்கள் விரிந்துகொண்டே இருந்தன.