ஆரஞ்சு நிறத்துக்கு ஒரு நிறுத்தம்

வசந்த விடுமுறைக்கு மூன்று வாரம் இருந்தபோது லோர்னா அந்தச் சாலை வரைபடப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இரண்டு தெரு தள்ளி யாரோ ஒரு வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். வாசல் புல்தரையில் மேசை போட்டு, பழைய விளக்கு, தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் பரப்பியிருந்தார்கள். புத்தகத்தின் விலையைக் கேட்டதற்கு, விற்றுக்கொண்டிருந்த பெண் அதைத் தொடக்கூட இல்லை. "சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றாள். சும்மா கிடைப்பதை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் லோர்னாவுக்குக் கிடையாது.

ஓக்லஹோமாவின் ஈனிட் நகரத்தில் ஒரு லாரி கம்பெனியில் அவளுக்கு வேலை. எந்த வண்டி எந்த ஊருக்குப் போகும், எந்த வழி, எங்கே சாப்பாடு, எங்கே தூக்கம் என்று பதினோரு வருடமாக அடுத்தவர்களை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தாள். தன் பிள்ளைகளை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. இந்த வருடம் போயே ஆகவேண்டும். விவாகரத்து முடிந்துவிட்டது, ஜூன் மாதம் நீதிபதி பிள்ளைகளைக் கூப்பிட்டு, யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்கப்போகிறார். பிள்ளைகளின் அப்பா கர்ட்டுக்கு டென்வரில் ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் வீடு. லோர்னாவின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி. அவள் கையில் இருந்தது இந்த ஒரு வாரம்தான்.

சமையலறை மேசையில் புத்தகத்தை வைத்ததும் டெலனி மூக்கைச் சுளித்தாள். பதினாறு வயது, எதைப் பார்த்தாலும் மூக்கைச் சுளிக்கும் வயது.

"அம்மா, போன்ல மேப் இருக்கு. இது எந்தக் காலத்துச் சாமான்? டைனோசர் ஓட்டிட்டுப் போச்சா?"

"நியூ மெக்சிகோல பாதி ரோட்டுக்கு சிக்னலே வராதுடி. அப்ப உன் போனை வெச்சு முதுகு சொறிஞ்சுக்க."

பதினாலு வயது வெஸ் அதற்குள் அட்டையைத் திருப்பிவிட்டான். "இங்க பாரு, யாரோ ஏற்கெனவே பிளான் போட்டு வெச்சிருக்காங்க."

உள்அட்டையில் ஒரு பட்டியல். நிதானமான கையெழுத்தில்: அப்பா, நீலம். அம்மா, சிவப்பு. ராய்ஸ், பச்சை. அதற்குக் கீழே தடித்த ஆரஞ்சு மெழுகுக் கலரால், ஒன்றுக்கொன்று சேராத எழுத்துகளில்: நான். கடைசியில் மறுபடியும் பெரியவர் கையெழுத்து. 'ஆளுக்கு ஓர் இடம். யாரும் மறுக்கக் கூடாது.'

லோர்னாவுக்கு அந்த வரி பிடித்துப்போயிற்று. தினமும் சாப்பாட்டு மேசையில் நடக்கிற குடுமிப்பிடிச் சண்டைக்கு இதைவிட நல்ல மருந்து உண்டா? அதே பட்டியலின் கீழே பேனாவால் தங்கள் மூன்று பேர் பெயரையும் எழுதினாள். வெஸ், ரோஸ்வெல் என்றான்; வேற்றுக்கிரகவாசிகள் வந்திறங்கியதாகச் சொல்லும் ஊர், அந்தப் பைத்தியம் அவனுக்கு. லோர்னா டெக்சஸில் இருக்கும் பெரிய பள்ளத்தாக்கைச் சொன்னாள். டெலனி பக்கங்களைப் புரட்டி, பச்சை வட்டம் போட்டிருந்த ஓர் இடத்தில் விரலை வைத்தாள். வெள்ளை மணல் மேடுகள். "போட்டோ சூப்பரா வரும்."

வெஸ் கோடுகளை விரலால் தொடர்ந்தான். நீல வட்டம், பக்கத்தில் ஒரு சரிக்குறி. சிவப்பு வட்டம், சரிக்குறி. பச்சை வட்டம், சரிக்குறி. அதோடு கோடு நின்றுவிட்டது.

"ஆரஞ்சுக்கு மட்டும் ஒரு இடமும் இல்லையே?"

"பாதியில சண்டை போட்டுட்டுத் திரும்பியிருப்பாங்க" என்றாள் டெலனி. "நம்ம வீடு மாதிரி."

பிள்ளைகளின் முகம் தொங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் லோர்னா வலியச் சிரித்தாள்.

"பாவம், அந்த ஆரஞ்சு நம்மளோட வரட்டும். பின்சீட்ல இடம் இருக்குல்ல? ஆளுக்கு ஒரு இடம், யாரும் மறுக்கக் கூடாது. கையை வையுங்க."

மூன்று பேரும் புத்தகத்தின் மேல் கை வைத்தார்கள்.

மார்ச் மாதத்தில் கிளம்பினார்கள். முதல் நாள் பயணம் முழுக்கக் காற்று. சமவெளியின் காய்ந்த புல்லெல்லாம் சாலைக்குக் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. டெலனி முன்சீட்டில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். லோர்னாவுக்குப் பின்னால் வெஸ். அவன் பக்கத்தில் காலி சீட், அதில் புத்தகம். ஓக்லஹோமா எல்லையைத் தாண்டியதும் வண்டி கூவத் தொடங்கியது. பின்சீட்டில் யாரோ பெல்ட் போடாமல் இருக்கிறார்கள் என்று சொல்லும் கூவல்.

"வெஸ், பெல்ட்டு!"

"போட்டுத்தான் இருக்கேன்."

"அப்ப அந்தப் புத்தகத்தைக் கீழ போடு. வெயிட்டுக்குக் கத்துது."

போட்டான். கூவல் நிற்கவில்லை. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எரிச்சலில் அந்தக் காலி சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டினான்.

நின்றுவிட்டது.

"வண்டிக்கு வயசாயிடுச்சு" என்றாள் லோர்னா. யாரும் கேட்காமலே சொன்னாள்.

பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு மறுநாள் ரோஸ்வெல் போகும் வழியில் ஒரு சாலையோர உணவகத்தில் நுழைந்தார்கள். பரிமாறுகிற பெண் நாலு தண்ணீர் டம்ளர் கொண்டுவந்தாள். நாலாவதன் பக்கத்தில், சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கிற படம் போட்ட தாளும், ஒரு குவளையில் மெழுகுக் கலர்களும்.

"நாங்க மூணு பேருதாங்க" என்றாள் லோர்னா.

அந்தப் பெண் வெஸ்ஸின் பக்கத்துக் காலி இருக்கையைப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் பார்த்தாள். "மன்னிச்சுக்கங்க. உங்களோட உள்ள வந்துச்சேன்னு..." முடிக்காமல் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"என்னைத்தான் சின்னப் பிள்ளைன்னு நெனச்சிருப்பாங்க" என்றான் வெஸ். டெலனி அவன் தலையில் தட்டி, "மூளையைப் பார்த்திருப்பாங்க" என்றாள். இருவரும் சிரித்தார்கள். பிள்ளைகள் சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று லோர்னாவுக்கு நெஞ்சு நிறைந்தது. கிளம்பும்போது அந்தக் குவளையில் ஆரஞ்சு நிறம் இல்லாததை அவள் கவனிக்கத்தான் செய்தாள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு பயணத்தைக் கெடுக்க அவளுக்கு மனமில்லை.

காருக்குள் உருகிய மெழுகின் வாசனை அடித்தது.

மூன்றாம் நாள் வெள்ளை மணல். நடுப்பகல், வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. எங்கே பார்த்தாலும் மாவைக் கொட்டி வைத்தது போல மேடு மேடாக மணல். வெஸ் பிளாஸ்டிக் தட்டில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டிருந்தான். மேட்டின் உச்சியில் டெலனி அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் மணலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்த இடத்தை நான் எதுக்கு எடுத்தேன்னா... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். வீட்டுல சொல்ல வாய் வரல."

லோர்னா வெஸ்ஸைப் பார்ப்பதை விட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"நானும் வெஸ்ஸும் பேசிட்டோம். ஜூன்ல கேட்டா, டென்வர்னு சொல்லப்போறோம். உன்னைப் பிடிக்காம இல்லம்மா. அங்க ஸ்கூல் நல்லா இருக்கு. நீ அழக் கூடாது."

"நான் எங்கடி அழறேன்? மணல்." லோர்னா கண்ணைத் துடைத்தாள். எத்தனையோ சொல்லலாம் என்று வந்தது. சொன்னால் கெஞ்சலாகிவிடும். "ஆளுக்கு ஒரு இடம்னு நான்தானே சொன்னேன். யாரும் மறுக்கக் கூடாது."

டெலனி அம்மாவின் தோளில் சாய்ந்தாள். கீழேயிருந்து வெஸ் தட்டை இழுத்துக்கொண்டு ஏறி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"யாரு என் பின்னாடி உக்காந்தது?"

"யாரும் இல்லையேடா. நாங்க இங்கயேதான் இருக்கோம்."

"இல்ல. இடுப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே வந்துச்சு. கீழ வரைக்கும்."

அவன் சட்டையைப் பார்த்தார்கள். வயிற்றுக்கு மேலே, இரண்டு பக்கத்திலிருந்தும், ஆரஞ்சு மெழுகு அப்பிய சின்ன விரல் தடங்கள்.

பத்து விரல்.

ஓடினார்கள் என்றுதான் சொல்லவேண்டும். காரில் ஏறியதும் லோர்னா புத்தகத்தைப் பிரித்தாள். பச்சை வட்டத்தோடு நின்றிருந்த கோடு இப்போது நிற்கவில்லை. அங்கிருந்து ஓர் ஆரஞ்சுக் கோடு புறப்பட்டு, அரை அங்குலம் கிழக்கே வந்திருந்தது.

"யாரு கிறுக்கினது? உண்மையைச் சொல்லுங்க."

"சத்தியமா நான் இல்லம்மா" என்று வெஸ் அழுதுவிட்டான். அவன் அழுது அவள் மூன்று வருடமாகப் பார்த்ததில்லை. டெலனி பின்னால் கை நீட்டி, காலி சீட்டின் பெல்ட்டை மாட்டிவிட்டாள். வண்டி கூவுவதற்கு முன்பே மாட்டினாள்.

திரும்பும் வழி முழுக்கக் கோடு வளர்ந்தது. வளர்வதை யாரும் பார்க்கவில்லை. பார்க்காத நேரத்தில் வளர்ந்திருக்கும். நேர்வழியில் போகவேண்டிய லோர்னா, சோதித்துப் பார்க்கவே ரோஸ்வெலிலிருந்து வடக்கே திருப்பினாள். அடுத்த பெட்ரோல் பங்க்கில் பிரித்தால், கோடும் வடக்கே திரும்பியிருந்தது.

"தூக்கிப் போட்டுடும்மா. அதோ தொட்டி" என்றாள் டெலனி, குரலைத் தாழ்த்தி. பின்சீட்டுக்குக் கேட்கக் கூடாது என்பது போல.

லோர்னா தொட்டி வரைக்கும் போனாள். போட முடியவில்லை. பதினோரு வருடத்தில் ஒரு வண்டியைக்கூட, அது போகும் இடம் தெரியாமல் அவள் சாலையில் விட்டதில்லை. இது எங்கே போகிறது என்று தெரியாமல் வீசிவிட்டுப் போனால், தெரியாமலே வந்து சேருமே?

ஈனிட்டுக்கு வந்து சேர்ந்தது பளிச்சென்ற ஒரு மத்தியானம். பிள்ளைகள் பெட்டிகளைக்கூட எடுக்காமல் உள்ளே ஓடிவிட்டார்கள். லோர்னா ஸ்டியரிங்கின் மேலேயே ஓக்லஹோமா பக்கத்தைப் பிரித்தாள். கோடு மாநிலத்தின் பாதியைக் கடந்து, ஈனிட்டில் வந்து முடிந்திருந்தது. ஊர்ப் பெயரைச் சுற்றி வட்டம். ஓரத்தில், ஒன்றுக்கொன்று சேராத எழுத்துகளில், அவள் வீட்டு எண்.

பக்கத்தில் சரிக்குறி இல்லை.

அதைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். சரிக்குறி இல்லாவிட்டால் வந்து சேரவில்லை என்றுதானே அர்த்தம்? ஏப்ரல், மே முழுக்கத் தினமும் காலையில் புத்தகத்தைப் பார்ப்பாள். குறி இருக்காது. நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். ஆனால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. துணியை மடிப்பாள், மடித்ததைப் பிரிப்பாள். வீட்டுக்குள் எதுவும் நடக்கவில்லை. காரில் மட்டும், தனியாகப் போகும்போது, பின்னால் அந்த பெல்ட் மாட்டியே இருக்கும். கழற்றிப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

ஜூனில் பிள்ளைகள் சொன்னபடியே நீதிபதியிடம் சொன்னார்கள். அதற்கு அடுத்த சனிக்கிழமை காலை கர்ட் வந்தான். வெஸ் அம்மாவை இறுக்கிக் கட்டிக்கொண்டான். டெலனி ஜன்னலை இறக்கி, "அம்மா, தனியா இருக்காத. யாரையாவது கூப்பிட்டு வெச்சுக்க" என்றாள். கார் திருப்பத்தில் மறையும் வரை லோர்னா கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போகப் பிடிக்காமல் படியிலேயே நின்றாள்.

அவளுடைய கார் ஓரமாக நின்றிருந்தது. அதற்குள்ளே பெல்ட் கழலும் சத்தம் கேட்டது.

பின்கதவு திறந்தது. கொஞ்ச நேரம் கழித்து மூடியது. ஒரே தள்ளில் மூடவில்லை. எட்டாத உயரத்தில் இருக்கிற கதவைச் சின்னப் பிள்ளை இரண்டு கையாலும் தள்ளுவது போல, இரண்டு மூன்று முறை தள்ளித்தான் மூடியது.

லோர்னா அசையவில்லை. மெழுகு வாசனை அவளைக் கடந்து வீட்டுக்குள் போயிற்று.

சமையலறை மேசையில் புத்தகம் அவள் வைத்த இடத்திலேயே விரிந்திருந்தது. வட்டத்துக்குப் பக்கத்தில் சரிக்குறி. விரல் வைத்துப் பார்த்தாள். மெழுகு இன்னும் சூடு ஆறாமல் ஒட்டியது. பயத்தில் அவளுக்குப் பல் கிட்டிப்போயிற்று. அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதை நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. உலகத்தில் உள்ள அத்தனை இடத்தையும் விட்டுவிட்டு, ஏதோ ஒன்று இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

"யாரும் மறுக்கக் கூடாது" என்று அவள் முணுமுணுத்தாள்.

வெஸ்ஸின் காலி அறையில் கட்டில் கம்பி கிறீச்சிட்டது. ஒரு தடவை. மறுபடியும் ஒரு தடவை. பிறகு விடாமல், யாரோ அதன் மேல் குதித்து விளையாடத் தொடங்கியது போல.

லோர்னா அலமாரியைத் திறந்து, தன் தட்டோடு இரண்டாவது தட்டையும் எடுத்தாள்.