என் பங்கு ஐஸ் கச்சாங்

எனக்கு ரோஷினி அக்கா மேல் பொறாமை. கொஞ்சநஞ்சம் இல்லை. அவள் நீச்சலுக்குக் காலில் மாட்டிக்கொள்ளும் நீலத் துடுப்புகளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. கடலுக்கு அடியில் நீந்தும் டைவிங் பயிற்சியை முடித்து, தன் படம் போட்ட அட்டையும் வாங்கிவிட்டாள். எங்கள் அம்மாதான் சனி, ஞாயிறுகளில் அந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுப்பவர். அங்கே பத்து வயது ஆகாதவர்களைக் கடலுக்குள் இறக்க மாட்டார்கள். எனக்கு ஒன்பது வயது, பதினோரு மாதம்.

"ஒரு மாசம்தானே மா? யாருக்குத் தெரியப் போகுது?" என்று கெஞ்சினேன்.

"மீனுக்கெல்லாம் தெரிஞ்சிடும் லா, நிவி," என்று அம்மா சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா முதல் தடவையாக ஹந்து தீவுக்குப் போவதாக இருந்தது. ஹந்து என்றால் மலாய் மொழியில் பேய். அங்கே பவளப் பாறைகளுக்கு நடுவே ஒரு பழைய படகு மூழ்கிக் கிடக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் நீந்தப் போகிறாளாம். புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கியில் வருகிறவர்களிடம்கூட அதைச் சொல்லி முடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை தேக்கா சாப்பாட்டுக் கடைகளில், துருவிய ஐஸில் கலர்ப் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங் சாப்பிட்டோம். அக்கா தன் கிண்ணத்தை வழித்துவிட்டு என் கிண்ணத்தையே பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. சளி பிடித்தால் டைவிங் போக முடியாது. மூக்கு அடைத்திருந்தால் தண்ணீரின் அழுத்தத்தில் காது கெட்டுப்போகும் என்று அம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

"இந்தா க்கா, என்னோடதையும் சாப்பிடு."

"நெஜமாவா? நீயா குடுக்குற?"

"எனக்கு வயிறு ஃபுல்."

பொய். வயிற்றில் பொறாமைதான் ஃபுல்லாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் மூக்கைச் சிந்தினாள். அம்மாவுக்குக் கேட்கவில்லை. கதவருகே நின்ற எனக்குக் கேட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். அக்கா வெளியே வந்து, "ஒண்ணும் இல்ல, தூசி," என்றாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

நானும் வேடிக்கை பார்க்கக் கூடப் போனேன். எங்கள் படகை ஸைஃப் அண்ணன் ஓட்டினார். தீவு நெருங்கியது. அம்மா மற்ற மாணவர்களுக்குக் காற்று உருளைகளை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

"நிவி, அக்காவுக்கு நீ சரிபாரு. அப்புறம் நான் ஒரு தடவ பாக்குறேன்."

இறங்குவதற்கு முன் ஒருவர் சாமான்களை இன்னொருவர் தொட்டுத் தொட்டுச் சரிபார்க்க வேண்டும். அதுதான் டைவிங்கில் வழக்கம். பள்ளிப் பைகளை முதுகில் மாட்டிக்கொண்டு நாங்கள் வீட்டில் தினமும் இதை விளையாடுவோம். சரிபார்க்கும்போது பொய் சொன்னால் சுறா கடிக்கும். அது அக்கா போட்ட விதி.

"ஜாக்கெட்?"

"காத்து ஏறுது. ஓகே."

"எடைப் பட்டை?"

"ஓகே."

"கொக்கி?"

"ஓகே."

"மூச்சுக் குழாய்?"

அக்கா இரண்டு தடவை மூச்சு இழுத்துக் காட்டினாள். "ஓகே. முடிஞ்சிச்சு."

பிறகு மெதுவாக மூக்கை உறிஞ்சினாள். சும்மா இருந்தால் இவள் காது என்ன ஆகும்? அம்மாவிடம் சொன்னால், பொறாமையில் சொல்கிறேன் என்பாள். பொறாமைதான் என்பது எனக்கே தெரியுமே!

"காது?" என்றேன்.

"அது லிஸ்ட்ல இல்ல."

"நான் சேத்துட்டேன். மூக்கப் பிடிச்சு ஊது. ரெண்டு காதும் திறக்குதா பாப்போம்."

அக்கா ஊதினாள். மறுபடி ஊதினாள். அவள் முகம் மாறியது.

"ஒரு காதுதான் திறக்குது," என்றாள் மெதுவாக. அவள் கண்களில் தண்ணீர் தேங்கியது. "அம்மாகிட்ட சொல்லப் போறியா? உனக்குப் பொறாமை, நிவி."

"ஆமா, பொறாமைதான். அதனாலதான் ஐஸ் கச்சாங் குடுத்தேன். உனக்குச் சளி பிடிக்கணும்னு. ஆனா உன் காது போகணும்னு நெனக்கல க்கா. சத்தியமா நெனக்கல. நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். கடலில் தள்ளிவிடப் போகிறாள் என்றே நினைத்தேன். ஆனால் கொக்கிகளைக் கழற்றிவிட்டு எழுந்தாள்.

"அம்மா, எனக்குச் சளி. இன்னைக்கு நான் இறங்கல."

அம்மா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். திட்டவில்லை.

"சரி மா. அந்தப் படகு எங்கயும் ஓடிப்போகாது. அடுத்த மாசம் பாக்கலாம்."

அம்மாவும் மற்றவர்களும் இறங்கினார்கள். தே தாரிக் டீ மாதிரி கலங்கிய தண்ணீரில் குமிழிகள் மட்டும் வந்தன. அக்கா துண்டைப் போர்த்திக்கொண்டு அழுதாள். நான் ஆசைப்பட்டதுதான் நடந்தது. ஆனாலும் எனக்குத் துளி சந்தோஷம் இல்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அக்கா துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐஸ் கச்சாங்ல எல்லாம் சளி வராது, லூசு. கிளாஸ்ல என் பக்கத்து சீட்டு ஆதவன் வாரம் பூரா தும்மிக்கிட்டே இருந்தான்."

"அப்போ என் பங்கத் திருப்பிக் குடு!"

அக்கா சிரித்துவிட்டாள். அடைத்த மூக்கோடு சிரித்ததில் என்ன ஆனது என்று சொல்ல மாட்டேன். துண்டு மட்டும் உடனே துவைக்க வேண்டியதாயிற்று.

அடுத்த மாதம் எனக்குப் பத்து வயது ஆனது. நீச்சல் குளத்தில் பயிற்சியை முடித்தேன். அக்காவுக்கும் சளி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேருமே அம்மாவோடு இறங்கலாம்.

வெள்ளிக்கிழமை மாலை மறுபடியும் தேக்கா. அக்கா தன் ஐஸ் கச்சாங் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். முகத்தைப் பச்சைப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டாள்.

"இந்தா நிவி, என்னோடதையும் சாப்பிடு."

நான் கிண்ணத்தைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். ஐஸ் கச்சாங்கில் சளி வராதுதான். ஆனாலும் எழுந்து பானக் கடைக்குப் போனேன்.

"அங்கிள், சூடா ஒரு மைலோ!"