தாழ்கோள் இறங்கிப் பார்த்த பகல்

ஊருக்குள் வெக்கைச் சங்கு ஊதியாயிற்று. கொத்தனார்கள் சாரத்திலிருந்து இறங்கிவிட்டார்கள். ரோட்டு வேலைக்காரர்களும் நிழலுக்குப் போய்விட்டார்கள். உப்பளத்துச் சங்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அதை ஊதவைப்பது தாழ்கோள். தட்பவெப்பம் பார்ப்பதற்காக, காற்றை உரசுகிற உயரத்தில் சுற்றவிட்ட செயற்கைக்கோள். எந்தத் தரை எவ்வளவு கொதிக்கிறது என்று பார்த்துச் சொல்லும். சங்கு ஊதினால் வேலை நிற்க வேண்டும். ஊதாவிட்டால் யாரும் வேலையை மறுக்கக் கூடாது. மறுத்தவர்களுக்கு மறுநாள் வேலை இல்லை. முதலாளிமார் கேட்டு வாங்கிய சட்டம். உப்போ வெள்ளை. விழுகிற வெயிலை வானத்துக்கே திருப்பிவிடும். மேலேயிருந்து பார்த்தால் உப்பளம் எப்போதும் குளுகுளு.

அங்கே உப்பு வாருகிற இசக்கியின் தங்கை பேராச்சி முந்தின நாள் உப்புப் பாத்திக்குள்ளேயே மயங்கி விழுந்தவள். இன்றும் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். கால் பின்னியது.

"அண்ணாச்சி, அவள நெழலுக்கு அனுப்புங்க. இன்னைக்கும் விழுந்தா எந்திரிக்க மாட்டா," என்றாள் இசக்கி.

கங்காணி செல்வின் தன் குளிரூட்டிய அறையின் சன்னலைக் கொஞ்சம் திறந்தார்.

"நானா மாட்டேங்கேன்? கோள் சொல்லணும்லா. நாளைக்கு மழைன்னும் அதுதான் சொல்லுது. இன்னைக்கு உப்ப வாரியாகணும். போய் வேலயப் பாருளா."

இசக்கி பலகையைக் கீழே போட்டாள். உப்புக் குவியலை மூடுகிற கறுப்புத் தார்ப்பாயின் முனையைப் பிடித்து இழுத்தாள்.

"என்ன வேடிக்க பாக்கிய? பிடிங்கட்டி!" என்று மற்றப் பெண்களை அதட்டினாள்.

"வேல போயிரும்க்கா," என்றாள் பேராச்சி.

"போவட்டும். நீ இல்லன்னா நான் யார்கூடச் சண்ட போடுவேன்?"

பெண்கள் சேர்ந்து இழுக்க, பாத்தி பாத்தியாகக் கறுப்பு விரிந்தது. வெயிலைக் குடித்தது. கொஞ்ச நேரத்தில் சங்கு அலறியது.

செல்வின் வெளியே ஓடிவந்தார். "யார ஏமாத்துதிய? கோள் எறங்கி வந்து பாக்கட்டும், ஒங்க வண்டவாளம் தெரியும்!" கைக்கருவியில் மறுஆய்வுப் பொத்தானை அழுத்தினார்.

"வரட்டும். ஒருநாளாவது எங்களப் பக்கத்துல வந்து பாக்கட்டும்," என்றாள் இசக்கி.

இந்தப் புது வகைக் கோளால் அது முடியும். சந்தேகம் வந்தால் இன்னும் தாழ இறங்கும். இறங்கினால் தரையில் நிற்கிற ஒவ்வோர் உடம்பின் சூடும் அதற்குத் தெரியும்.

சங்கு நின்றது. ஒலிபெருக்கியில் கோளின் குரல் வந்தது.

"வெப்பம் தார்ப்பாயால் வந்தது. தரைக் கணக்கு தள்ளுபடி."

செல்வின் கைதட்டிச் சிரித்தார். குரல் முடிக்கவில்லை.

"உடல்கள் பார்க்கப்பட்டன. பெண்கள் அனைவரும் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டனர். உடனே குளிர்ந்த இடத்துக்குச் செல்லவும். வேலைக்குத் தகுதியான உடல் ஒன்று உள்ளது, ஆண். நாளை மழை. அவர் உப்பு வாரவும். மறுப்பது விதிமீறல்."

உப்பளத்தில் குளிர்ந்த இடம் ஒன்றுதான். பேராச்சியைத் தோளில் சாய்த்துக்கொண்டு இசக்கி அந்த அறைக்குள் நுழைந்தாள். மற்றவர்களும் நெருக்கியடித்துப் போனார்கள்.

செல்வின் வானத்தைப் பார்த்தார். பாத்தியைப் பார்த்தார். ஒரு காலை எடுத்துப் பாத்திக்குள் வைக்கப் போனார்.

"செருப்பக் கழத்திட்டு எறங்குங்க அண்ணாச்சி," என்றாள் இசக்கி. "உப்பு அழுக்காயிரும்."